படத்தின் கீழே இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். டிராக்டர் பெட்டியிலிருந்து களத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டியிருக்கிறார்கள். குவியலைச் சுற்றி ஐந்து மாடுகள் நின்று தின்கின்றன. விலை இல்லாத வெங்காயம் மாடுகளுக்கு விருந்தாகிவிட்டது என்று கீழே ஒரு வரி. வாங்க ஆளில்லாமல் விவசாயி படும் பாட்டைச் சொல்லத்தான் அந்தப் படம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் என் கண் போய் நின்றது இடது ஓரத்தில் நிற்கிற செவலை மாட்டின் மேல். வயிறு இறங்கி, மடி விட ஆரம்பித்திருந்தது. எட்டு மாதச் சினையாவது இருக்கும். பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். மாடு மட்டும் இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. வெங்காயம் அளவு மீறினால் மாட்டின் ரத்தத்தையே கெடுத்துவிடும், அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெரம்பலூர் மாவட்டத்தில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. சினை ஊசி போடுவது, சினை பார்ப்பது, குடற்புழு மருந்து கொடுப்பது, டாக்டர் வந்து சேரும்வரை மாட்டை உயிரோடு வைத்திருப்பது, இவைதான் என் வேலை. ஊரில் எல்லாரும் டாக்டர் சார் என்றே கூப்பிடுவார்கள். முதல் பத்து வருஷம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்து வெங்காயக் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. விலை இருந்தால் வீட்டில் கல்யாணம், இல்லாவிட்டால் பட்டறை, அதாவது விலை ஏறும்வரை வெங்காயத்தைச் சேர்த்து வைக்கிற இடம். பட்டறையில் போட்டு வைத்தும் விலை ஏறவில்லை என்றால் உள்ளே அழுகல் விழ ஆரம்பிக்கும். அழுகினதைப் பொறுக்கி வெளியே எறிவார்கள். எறிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் மாடு கட்டியிருக்கும். மாட்டுக்கு வெங்காயம் என்றால் உயிர். தட்டையையும் வெங்காயத்தையும் ஒன்றாகப் போட்டால் வெங்காயத்தைத்தான் முதலில் தேடித் தின்னும். நிறையத் தின்று பழகிய மாடு புல்லைக்கூட ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். "அதுவே ஆசையா திங்குது சார், கெடுதலா இருந்தா மோந்துட்டு விட்டுடாதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் நிறையப் பேர். ஒரு தை மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறு மணிக்கு போன். "சார், மாடு கட்டங்காப்பியாட்டம் மூத்திரம் போவுது, உடனே வாங்க." போனேன். கொட்டகையில் ஒரு ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாவது ஈத்து, கறவையில் இருந்தது. பக்கத்தில் அதன் கிடாரி. கோடியில் நாலு வெள்ளாடு. மாடு நிற்கவே தள்ளாடியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். ரோஸ் நிறமாக இருக்க வேண்டிய இடம், நனைத்த காகிதம் போல வெளுத்து, ஓரத்தில் மஞ்சள் தட்டியிருந்தது. இதயத் துடிப்பு விலா எலும்புக்கு மேலேயே கண்ணுக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் மாடு சிவப்பாக மூத்திரம் போனால் முதலில் நினைப்பது உண்ணிக் காய்ச்சல். நானும் அதைத்தான் நினைத்தேன். காது மடலில் நாலைந்து உண்ணியும் இருந்தது. ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 101.5. அது மாட்டுக்குச் சாதாரண சூடுதான். உண்ணிக் காய்ச்சல் என்றால் 104, 105 என்று கொதிக்க வேண்டும். மூத்திரத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் திண்ணையில் வைத்தேன். அடியில் ரத்தம் தங்கவே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி, வெளிச்சத்தில் பிடித்தால் பன்னீர் திராட்சைச் சாறு போலத் தெளிவாக இருந்தது. அப்படியென்றால் ரத்தம் மூத்திரப் பையில் கசியவில்லை, உடம்புக்குள்ளேயே சிவப்பணு உடைந்து அதன் சாயம் வெளியேறுகிறது என்று அர்த்தம். ஏன் உடைகிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாட்டின் மூக்குத் தண்டில், அந்த ஈரத்தில், ஒரு வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. வெளிர் ரோஸ், நகத்தளவு. இமையை இழுத்துப் பார்க்கும்போது நானே அதைத் துடைத்துவிட்டேன். அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் டாக்டர் வந்தார். நேராக மாட்டின் வாய்க்குப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தார். "என்னம்மா போட்டீங்க?" என்றார். "வழக்கமா போடுறதுதான் சார். தட்டை, தவிடு" என்றார் அந்த அம்மா. டாக்டர் பேசாமல் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பட்டறை பிரிச்சோம் சார். அழுவுன வெங்காயம் ரெண்டு கூடை ரெண்டு கூடையா ஆறு நாளா போட்டோம்" என்று வந்தது. "ரெண்டாம் நாளே சொசைட்டியில பால் வாடை அடிக்குதுன்னாங்க. நாங்கதான் கண்டுக்கல."

ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய் நியூ மெத்திலீன் புளூ சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சிவப்பணு ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீலமாக ஒரு மரு. ஹெய்ன்ஸ் துகள் என்று பெயர். 1890-ல் ராபர்ட் ஹெய்ன்ஸ் என்கிற ஜெர்மன் மருத்துவர் விவரித்தது. சிவப்பணுவுக்குச் சிவப்பு நிறம் தருகிற ஹீமோகுளோபின் கெட்டுத் திரிந்து கட்டியாகி அணுவின் சுவரில் போய் ஒட்டிக்கொள்வதுதான் அந்த மரு. மரு வந்த சிவப்பணுவை மண்ணீரல் உடைத்துப் போட்டுவிடும். கொஞ்சம் ரத்தக் குழாயிலேயே உடையும். கட்டங்காப்பி நிறம் அங்கேயிருந்துதான் வருகிறது.

தாய் மாடு நாலாம் நாள் செத்துப்போனது. கிடாரி பிழைத்தது, ஆனால் தேற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நாலு வெள்ளாட்டுக்கும் ஒன்றும் இல்லை. அவையும் அதே குவியலில் வாய் வைத்தவைதான்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. வெங்காயத்தை நிறுத்திவிட்டு உடம்பு புது ரத்தம் ஊறும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். ரொம்ப மோசமானால் வேறு மாட்டின் ரத்தம் ஏற்ற வேண்டும். கிராமத்துக் கொட்டகையில் அதற்கு எங்கே போவது?

அன்றைக்கு டாக்டர் எனக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இனி எழுதப் போகிறேன். அந்த வீட்டுத் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் கையிலிருந்த உரலைக் காட்டினார். வெற்றிலை பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, பாக்கு பழுப்பு. இதில் எதிலாவது சிவப்பு இருக்கிறதா? இடித்தால்தானே சிவக்கிறது? வெங்காயமும் அப்படித்தான் என்றார்.

உரிக்காத முழு வெங்காயத்தை மூக்கில் வைத்தால் பெரிதாக ஒரு நெடியும் வராது. உள்ளே கந்தகம் கோத்த ஒரு வகை அமினோ அமிலம் இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, காரம் கிடையாது. பூண்டில் இருப்பதற்கு அல்லியின் என்று பெயர். 1948-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் ஆர்தர் ஸ்டோல், எவால்ட் ஸீபெக் என்ற இரண்டு பேர் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெங்காயத்தில் இருப்பவை அதன் அண்ணன் தம்பிகள். மூலக்கூறின் வால் மட்டும்தான் மாறும். இந்த அமிலத்தை வெட்டுகிற நொதிக்கு, அதாவது என்சைமுக்கு, அல்லினேஸ் என்று பெயர். அதே செல்லுக்குள் தனியாக ஒரு பைக்குள் அதைப் பூட்டி வைத்திருக்கிறது செடி. கத்தியோ பல்லோ பட்டு செல் நசுங்கினால் பை கிழிகிறது, நொதி வந்து அமிலத்தை வெட்டுகிறது. வெட்டினால் மூன்று துண்டு. ஒன்று பைருவிக் அமிலம், ஒன்று அம்மோனியா, மூன்றாவது கந்தகம் ஒட்டிய துண்டு. நெடி, காரம், எரிச்சல் எல்லாம் அந்த மூன்றாவது துண்டிலிருந்து பிறப்பவை. அது சும்மா இருக்காது, நொடியில் வேறு வேறு பொருளாக மாறிக்கொண்டே போகும்.

வெங்காயம் எவ்வளவு காரம் என்று அளக்கும் முறைகூட இதில்தான் இருக்கிறது. காரத்தை நேராக அளப்பது கஷ்டம். அதனால் கூடவே பிறக்கிற பைருவிக் அமிலத்தை அளந்தால் போதும் என்று 1961-ல் அமெரிக்காவில் ஷ்விம்மர், வெஸ்டன் என்ற இருவர் காட்டினார்கள். இன்றைக்கும் அந்த வழிதான் நடக்கிறது. கண்ணீர் வருவதற்கு மட்டும் இன்னொரு நொதியும் சேர வேண்டும். அல்லினேஸ் வெட்டிப் போட்ட துண்டை எடுத்துக் கண்ணைக் கரிக்கும் ஆவியாக மாற்றுவது அந்த இரண்டாவது நொதி. 2002-ல் ஜப்பானில் ஒரு மசாலா கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்கிறவரை, அது தானாகவே நடப்பதாகத்தான் உலகம் நினைத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு 2013-ல் இக் நோபல் கொடுத்தார்கள், சிரிக்க வைத்துவிட்டு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பரிசு அது. என் வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, "அந்த ரெண்டாவதை மட்டும் எடுத்துட்டு விக்கச் சொல்லுங்க" என்றாள். கண்ணீர் வராத வெங்காயம் ஜப்பானில் கடைக்கு வந்துவிட்டது, ஆனால் அதில் அடக்கி வைத்தது முதல் நொதியை, அல்லினேஸை. சரி, மாட்டுக்கு வருவோம்.

செடி இதைச் செய்வது தற்காப்புக்கு. புழுவோ பூஞ்சையோ கடித்தால் வாயில் நெருப்பு அள்ளிப் போட. அதற்கு வேண்டியது கந்தகத் துண்டுதான், மற்ற இரண்டும் செடிக்கு மிச்சம். ஆனால் இதே வெட்டை வெட்டத் தெரிந்த இன்னொரு கூட்டமும் உண்டு. பாக்டீரியா. அவற்றிலும் இதே வகை நொதிகள் இருக்கின்றன. கந்தகத்துக்கும் கார்பனுக்கும் நடுவில் இருக்கிற இணைப்பை அறுக்கிற நொதிகள். வெங்காய நொதியைப் போலவே இவற்றில் பெரும்பாலானவைக்கும் வைட்டமின் பி6-லிருந்து வரும் ஒரு துணைப்பொருள் கூட இருந்தால்தான் வேலை ஓடும். செடிக்கும் பாக்டீரியாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அரிவாள் மட்டும் ஒரே கொல்லன் பட்டறையில் அடித்தது மாதிரி இருக்கும்.

பாக்டீரியா வெட்டுவது சாப்பாட்டுக்கு. பைருவிக் அமிலம் அதற்குச் சோறு, அம்மோனியாவிலிருந்து தழைச்சத்து. கந்தகத் துண்டைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். செடி எதை ஆயுதமாகச் செய்கிறதோ அது பாக்டீரியாவுக்கு எச்சில் இலை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் நம் வாயில் அடிக்கிற நாற்றத்தில் பாதிக்கு மேல் இந்த எச்சில் இலைதான். ராத்திரி முழுக்க நாக்கின் பின்பக்கத்து பாக்டீரியாக்கள் சிஸ்டீன், மெத்தியோனின் என்ற கந்தக அமினோ அமிலங்களை அறுத்துத் தின்றுவிட்டு அழுகின முட்டை நாற்றத்தையும் அழுகின முட்டைக்கோஸ் நாற்றத்தையும் விட்டு வைக்கின்றன. நாம் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடலாம். மாடு எங்கே துப்பும்?

அசை போடுகிற மாட்டின் நாலறை வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய ஊறல் தொட்டி. நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் மாடுகள் உண்டு. வைக்கோலைக்கூடப் பாலாக்குகிற வித்தை அங்கேதான் நடக்கிறது, நடத்துவது பாக்டீரியாக்கள். அந்தத் தொட்டிக்குள் இரண்டு கூடை வெங்காயம் விழுகிறது. மென்றதில் நசுங்கிய பாதியை வெங்காயத்தின் சொந்த நொதி வெட்டுகிறது. வெட்டாமல் தப்பித்து உள்ளே போன அமினோ அமிலத்தைத் தொட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் உட்கார்ந்து அறுக்கின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் கந்தகத் துண்டு சேர்ந்துகொண்டே போகிறது. துண்டும் துண்டும் ஜோடி சேர்ந்து டைசல்ஃபைடு என்ற பொருளாகி ரத்தத்துக்குள் நுழைகிறது. அங்கே போய் சிவப்பணுவின் ஹீமோகுளோபினை அரிக்கிறது. மரு அப்படித்தான் வருகிறது.

இதில் பாக்டீரியாவுக்கு நிஜமாகவே பங்கு உண்டா, வெங்காயம் தனியாகவே செய்துவிடாதா என்று கேட்கலாம். ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் இதைச் செம்மறி ஆட்டில் சோதித்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளிவந்தது. சில ஆடுகளுக்கு வெறும் வெங்காயம், சிலவற்றுக்கு வெங்காயத்தோடு ஆம்பிசிலின், நமக்குப் போடுகிற அதே ஆன்டிபயாட்டிக். ஆம்பிசிலின் வாங்கிய ஆடுகளுக்கு ரத்தசோகை குறைவாகவே வந்தது. தின்றது அதே வெங்காயம்தான், வயிற்றுக்குள் அறுக்கிற கூட்டம் மட்டும் குறைந்துபோனது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு அந்தக் கொட்டகை முழுசாகப் புரிந்தது. (இதைப் பார்த்துவிட்டு யாரும் மாட்டுக்கு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வைக்கோலைச் செரிக்கிற கூட்டமும் சேர்ந்து செத்துவிடும்.)

"வேக வச்சுப் போட்டா சரியாப் போயிடும் சார், காட்டம் போயிடும்" என்பவர்களுக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. வேக வைத்தால் காட்டம் போகும், உண்மைதான். சூட்டில் செத்துப்போவது வெங்காயத்தின் நொதி. அதனால்தான் நம் வீட்டில் முழுசாகப் போட்ட குழம்புப் பூண்டு இனிக்கிறது, இடித்துப் போட்ட ரசத்துப் பூண்டு மணக்கிறது. ஆனால் அந்த அமினோ அமிலம் எல்லாமா போய்விடுகிறது? வெந்த வெங்காயத்தோடு உள்ளே போய், மாட்டின் வயிற்றில் வெட்டத் தெரிந்தவர்கள் கையிலேயே மாட்டிக்கொள்கிறது. விறகுதான் தண்டம்.

வெங்காயத் தாளிலும் இது உண்டு. காய்ந்தாலும் அழுகினாலும் விஷம் போவதில்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலையிலும் இதன் பங்காளி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் மாட்டுக்கு கேல் என்ற கோஸ் வகைக் கீரையை மட்டும் வாரக் கணக்கில் போட்டு, மாடுகள் சோகை பிடித்துச் சிவப்பாக மூத்திரம் போன கதை பழசு. 1970-களில் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ரோவெட் ஆராய்ச்சி நிலையத்தில்தான் அதன் காரணம் தெளிவானது. கீரையில் இருந்த கந்தக அமினோ அமிலத்தை மாட்டு வயிற்று பாக்டீரியா வெட்டி டைசல்ஃபைடு ஆக்குகிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கோஸ் கழிவைத் தீனியாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். நாலு இலை போட்டால் ஒன்றுமில்லை. அதையே முழுத் தீனியாக்கிவிடக் கூடாது.

ஆடு தப்பித்த விஷயத்துக்கு வருகிறேன். வெங்காய விஷம் மாட்டைத்தான் முதலில் தாக்கும். குதிரை அதற்கு அடுத்தது, செம்மறி அதற்கும் கீழே, வெள்ளாடு கடைசி. இந்த வரிசையில்தான் ஆபத்து இருக்கிறது. "எங்க ஆடு மாசக் கணக்கா திங்குது, நல்லாத்தானே இருக்கு" என்று ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்குப் போடுவார். அப்புறம் மாட்டிலேயே எல்லாம் அன்றைக்கே விழுந்துவிடாது. நாலைந்து நாள் தின்ற பிறகுதான் காட்டும். அதற்குள் வெங்காயம் தீர்ந்துபோயிருக்கும், உண்ணி மேல் பழி விழும்.

நாட்டு வைத்தியத்தில் மாட்டுக்குச் சின்ன வெங்காயம் கொடுப்பது உண்டே என்று யாராவது எழுதுவார்கள். உண்டு. வயிறு உப்புசத்துக்கு மிளகு, பூண்டு, வெற்றிலையோடு ஒரு கைப்பிடி வெங்காயம் அரைத்து நாக்கில் தடவியதை நானே பார்த்திருக்கிறேன், பலனும் கண்டிருக்கிறேன். கழுநீர்த் தொட்டியில் விழுகிற தோலும் ஒன்றும் செய்யாது. கைப்பிடிக்கும் கூடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே பேச்சு.

விவசாயி கேட்பார், அப்படியென்றால் மீந்ததை என்னதான் செய்வது, கொஞ்சம்கூடப் போடக்கூடாதா? அமெரிக்காவில் வெங்காயக் கழிவை இறைச்சி மாடுகளுக்குத் தீனியாகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மொத்தத் தீனியின் உலர் எடையில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது அங்கே சொல்லும் கணக்கு. சின்ன வெங்காயத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர்தான். அந்தக் கணக்கில் 300 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது கிலோ வரை வரும். ஆனால் நான் அதில் பாதிகூடச் சொல்ல மாட்டேன். அங்கே மெஷினில் நறுக்கி, மற்ற தீனியோடு கலந்து, எடை பார்த்துப் போடுகிறார்கள். நம் ஊரில் குவித்துப் போடுகிறோம், பலத்த மாடு மற்றதை முட்டித் தள்ளிவிட்டுத் தானே முக்கால்வாசியைத் தின்கிறது. அதனால் நான் எங்கள் ஊரில் சொல்வது இதுதான். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கிலோ, நறுக்கி, தட்டையோடு நன்றாகக் கலந்து, மாட்டுக்குத் தனித்தனியாக. சினை மாட்டுக்கும் கன்றுக்கும் வேண்டவே வேண்டாம். மூத்திர நிறத்தைத் தினம் பார்க்க வேண்டும். கொஞ்சம் கறுத்தாலும், சொசைட்டியில் பால் வாடை என்றாலும், அன்றைக்கே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும்போது வெங்காயம் போட்டதை மறைக்கக் கூடாது. மீதியைக் குழி தோண்டிச் சாணத்தோடு போட்டு மக்க வைக்கலாம். அங்கேயும் பாக்டீரியா அறுக்கத்தான் செய்யும், ஆனால் அங்கே யாருடைய ரத்தமும் இல்லை.

இப்போது உங்களிடம் கேட்க வந்தது. விலை விழுகிற ஒவ்வொரு முறையும் இந்தப் படம் வரும். பெரம்பலூரிலிருந்து வரும், திண்டுக்கல்லிலிருந்து வரும், தக்காளி ரோட்டில் கொட்டுகிற படத்தோடு சேர்ந்து வரும். போடாதீர்கள் என்று சொல்லவில்லை. விவசாயியின் கஷ்டம் பேப்பரில் வரத்தான் வேண்டும். படத்தின் கீழே, 'மாடுகளுக்கு வெங்காயத்தை அளவில்லாமல் கொடுத்தால் ரத்தம் முறிந்து உயிருக்கு ஆபத்து. சிறுநீர் கறுத்தால் உடனே கால்நடை மருத்துவரை அணுகவும்' என்று இரண்டு வரி சேருங்கள். விருந்து என்ற சொல்லை எடுத்துவிட்டால் இடம்கூட மிச்சமாகும். படம் எடுத்த நிருபருக்கு அந்தக் களம் எந்த ஊர் என்று தெரிந்திருக்கும். முடிந்தால் ஒரு போன் போட்டு, அந்தச் செவலை மாடு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

அந்த அம்மாவை இப்போதும் சந்தையில் பார்ப்பேன். கிடாரி ஐந்து ஈத்து ஈன்று முடித்துவிட்டது. வெங்காயம் விலை இறங்கிவிட்டால் அவரே என்னைத் தேடி வருவார். "சார், கிலோ எட்டு ரூவாதான் கேக்குறான். பட்டறைக்குப் பக்கத்துல இருந்து மாட்டை அவுத்து மாத்திக் கட்டிட்டேன்" என்பார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
செட்டிகுளம் பக்கம், பெரம்பலூர் மாவட்டம்.

பி.கு.: டவுனில் இருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாய்க்கும் பூனைக்கும் வெங்காயம் ஆகாது. அவற்றின் சிவப்பணுவிலும் இதே மருதான் வரும். பூனை இன்னும் மோசம். மிச்சமான வெங்காய சாம்பாரைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். தயிர் சாதம் வையுங்கள், தாளிக்காமல்.